என் கையைத் தட்டிவிட்ட கை

நான் லிட்மஸ் காகிதத்தை நம்புகிறவன். சிவந்தால் திராவகம், நீலமானால் சுண்ணாம்பு, இரண்டும் இல்லையென்றால் வெறும் தண்ணீர், அதற்கு மேல் உலகத்தில் ஒரு மர்மமும் கிடையாது என்று இந்த ராணிப்பேட்டையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் வாதாடுகிறவன். எங்கள் தெருவில் யாருக்காவது காற்று கருப்பு அடித்துவிட்டது என்று வேப்பிலையோடு கிளம்பினால் முதலில் சண்டைக்குப் போவது நான்தான், எங்கள் பாஸ்டர்கூட அவ்வளவு சண்டை போடமாட்டார். அப்படிப்பட்டவன் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்பதால்தான் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் பாதியில் எழுந்து போகாதீர்கள், ஏனென்றால் பாதிவரைக்கும் எனக்கே இதற்குச் சமாதானம் இருந்தது.

என் பெயர் ஏசுதாசன், வீட்டில் தாசு. பாலாற்றங்கரையில் தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் பி.ஏ. பாஸ் செய்த முதல் ஆள் நான். ஷாப்பு என்றதும் கடை என்று நினைத்துவிடாதீர்கள், தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்பா ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். எனக்கு ஐந்து வயதாகும்போது காலரா வந்து அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே என் அக்கா சாராள்தான். அவளுக்கு அப்போது பதினாலு வயது. அந்த வயதில் பட்டை இடிக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போனாள், தோலைப் பதமாக்குவது ஆவாரம்பட்டைத் தண்ணீர், அந்தப் பட்டையை உலக்கை போட்டு இடித்துக் கொடுப்பது பெண்களின் வேலை. இடித்து இடித்து என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள், பிறகு சென்னைப்பட்டணத்துக் காலேஜுக்கு அனுப்பினாள். கல்யாணப் பேச்சு எடுத்துக்கொண்டு வந்தவர்களிடம் தம்பி படிப்பு முடியட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், என் படிப்பும் முடிவேனா என்று போய்க்கொண்டிருந்தது.

பி.ஏ.வில் ரசாயனம் எடுத்திருந்தேன். சர்க்காரில் உபகாரச் சம்பளம் கொடுத்து, தோல் ரசாயனம் மேற்படிப்புக்குச் சீமைக்கு ஒருவனை அனுப்பப்போகிறார்கள் என்று என் புரொபசர் மனு போடச் சொன்னார், போட்டேன், கிடைத்துவிட்டது. எனக்கு சந்தோஷத்தைவிட பயம்தான் ஜாஸ்தி. தெருவே திரண்டு வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு வந்தது, சிறுவர்களெல்லாம் என் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். அக்கா அழவில்லை. வண்டி கிளம்புகிற சமயத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“நீ பாதியில திரும்பிட்டீன்னா, நம்ம தெருவுல இருந்து இன்னொரு பையன அனுப்ப மாட்டாங்கடா. அத்த ஞாபகம் வெச்சிக்க.”

அவ்வளவுதான். வேறு ஒருத்தியாக இருந்தால் உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு என்றிருப்பாள். அவள் சொன்னது சரிதான் என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் கப்பல் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வட இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலை ஊர். அங்கே இறங்கின முதல் வாரம் நான் பட்ட பாட்டை என் எதிரிக்கும் வேண்டமாட்டேன். அறை வாடகைக்கு என்று ஜன்னலில் அட்டை தொங்கும், கதவைத் தட்டுவேன், என் முகத்தைப் பார்த்ததும் இப்போதுதான் யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பார்கள், அடுத்த நாள் அந்தப் பக்கம் போனால் அட்டை அப்படியே தொங்கும். ஒன்பது வீடு இப்படி. பத்தாவது வீட்டில் மிசஸ் ஹாலம் என்று ஒரு விதவை, ஐம்பத்தைந்து வயதிருக்கும், கதவைத் திறந்து என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸைத் துடைத்துவிட்டு உள்ளே வருகிற பழக்கம் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது, மாடி அறையைத் திறந்துவிட்டாள்.

அந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போனால் நான் நன்றி கெட்டவன். தோல் வேலை பார்க்கிறவன் உடம்பில் நாற்றம் ஒட்டிக்கொள்ளும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. நம் ஊரில் நாங்கள் ரயிலில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார், எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். அங்கே காலேஜின் பதனிடும் கூடத்தில் நாள் முழுக்க இருந்துவிட்டு வந்து, மேசையில் தள்ளி உட்காரட்டுமா என்று கேட்டேன். அவள் புரியாமல் பார்த்தாள், புரிந்ததும் சிரித்தாள். அவள் புருஷன் இருபது வருஷம் ஆட்டுத்தோல் கிடங்கில் மயிர் வழித்தவனாம், இந்த நாற்றத்தில்தான் நான்கு பிள்ளைகளை வளர்த்தாளாம், அடுப்புப் பக்கம் வந்து உட்கார் என்றாள். மாடிக்குப் போய் நான் கொஞ்ச நேரம் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

ஆனால் வீடு கிடைத்தால் போதுமா? குளிர் எலும்புக்குள் இறங்கியது. அவித்த உருளைக்கிழங்கும் அவித்த ஆட்டிறைச்சியும் தின்று நாக்கு மரத்துப்போனது, அக்கா கட்டிக்கொடுத்த மிளகாய்ப்பொடி மூன்று வாரத்தில் காலி. மூக்கடைப்பு பிடித்துக்கொண்டது, ஒரு மாதம் விடவில்லை, மிசஸ் ஹாலம் கடுகுத்தூள் கரைத்த வெந்நீரில் என் காலை வைக்கச் சொல்லிப் பார்த்தாள், பேஜார்தான் மிச்சம். வகுப்பில் அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் நான் படித்த இங்கிலீஷ் இல்லை. கேள்வி புரிவதற்குள் வேறொருவன் பதில் சொல்லி முடித்திருப்பான். முதல் பரீட்சையில் கடைசிக்கு முந்தின இடம், கடைசி ஆள் பரீட்சைக்கே வரவில்லை.

புரொபசர் நல்ல மனிதர், ஆனால் நேர் பேச்சு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் ஒரு செய்முறை வேலை கொடுப்பேன், அதைப் பார்த்துத்தான் உன்னை மேற்படிப்பில் வைத்துக்கொள்வதா, ஊருக்கு அனுப்புவதா என்று எழுதுவேன் என்று சொல்லிவிட்டார். நான் இந்தப் பக்கத்து ஆள் என்பதால் சென்னையிலிருந்து ஒரு மூட்டை ஆவாரம்பட்டையே வரவழைத்துக் கொடுத்தார். நாலாம் நம்பர் தொட்டி எனக்கு. அதில் பட்டைத் தண்ணீர் இறக்கி, தோல் ஊறவைத்து, தினமும் தண்ணீர் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். அளப்பதற்கு ஒரு கண்ணாடி மிதவை உண்டு, தண்ணீரில் விட்டால் நின்று கணக்குக் காட்டும். மூன்றாம் வாரம் விறைத்துப்போன விரலிலிருந்து அது நழுவி, தரையில் விழுந்து சுக்குநூறாகிவிட்டது. உடைத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் வேறொன்று கொடுத்திருப்பார்கள், அது இப்போது தெரிகிறது. அப்போது, இந்தியன் வந்தான் உடைத்தான் என்று சிரிப்பார்களே என்றுதான் நினைப்பு.

அன்றிரவே அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன், என்னால் முடியவில்லை, திரும்பி வருகிறேன் என்று. எழுதிவிட்டேனே தவிர தபாலில் போட மனம் வரவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நான்கு நாள் அலைந்தேன்.

மிதவை இல்லாமல் அந்த நான்கு நாளும் எப்படி அளந்தேன் என்று கேட்பீர்கள். வாயால்தான். எங்கள் ஷாப்பில் மேஸ்திரி காலையில் குழியோரம் வந்து குனிவார், உள்ளங்கை நிறையப் பட்டைத் தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவார், துவர்ப்பு கம்மி, இன்னும் இரண்டு கூடை போடு என்பார். எல்லாக் குழிக்கும் அதுதான் அளவு. சின்ன வயதில் அக்காவைத் தேடிக்கொண்டு ஷாப்புக்குப் போகிறபோதெல்லாம் நானும் பார்த்து அதேபோல் அள்ளிக் குடிப்பேன். அக்காவுக்கு அது பிடிக்காது. எங்கிருந்தோ ஓடிவந்து, புறங்கையால் என் மணிக்கட்டில் கீழேயிருந்து மேலே ஒரு தட்டு தட்டுவாள், தண்ணீரெல்லாம் என் முகத்தில் தெறிக்கும். மற்ற அம்மாக்கள் முதுகில் போடுவார்கள், இவள் அடி எப்போதும் கீழேயிருந்துதான் வரும். ஆனாலும் என் நாக்கு பழகிவிட்டது. நாக்கால் பார்த்தே பட்டைத் தண்ணீரின் கணக்கை ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடுவேன், அந்த நான்கு நாளும் அப்படித்தான் எழுதினேன்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்குப் புரொபசர் வகுப்போடு தொட்டியைப் பார்க்க வருகிறார். அன்றைய கணக்கை நான் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். பத்தரை மணிக்கெல்லாம் தனியாகக் கூடத்துக்குப் போய்விட்டேன். டிசம்பர் மாதம், வெளியே பனிமூட்டத்தில் பகலே பகலாக இல்லை, உள்ளே காஸ் விளக்கு எரிகிறது, அந்த வெளிச்சத்தில் சுவர், தொட்டி, என் கை எல்லாமே மஞ்சள். நாலாம் நம்பர் தொட்டியில் மஞ்சளாகத் தண்ணீர் நிற்கிறது. என் தொட்டி, நான் விட்ட தண்ணீர், வேறு என்ன பார்க்க வேண்டும்? மேலே ஒரு சிலேட்டு தொங்கியதாம், அதில் எழுதியிருந்ததாம், நான் பார்த்தால்தானே! மூக்கடைப்பு இல்லாமல் இருந்திருந்தால் வாசனையிலேயே தெரிந்திருக்கும், நமக்கு ஆவாரம்பட்டை வாசனை தெரியாதா?

குனிந்தேன். உள்ளங்கை நிறைய அள்ளினேன். உதட்டுக்கும் கைக்கும் இரண்டு விரற்கடைகூட இருந்திருக்காது.

மணிக்கட்டில் கீழேயிருந்து ஒரு தட்டு விழுந்தது.

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், நான் நடந்ததைச் சொல்கிறேன். நடுக்கமில்லை, நரம்பு இழுக்கவில்லை. ஒரு கை வந்து தட்டினது, புறங்கை, விரல் முட்டி கெட்டியாக இருந்தது, உலக்கை பிடித்துக் காய்த்துப்போன கை எப்படி இருக்குமோ அப்படி, வெயிலில் வேலை செய்தவர் கைபோலச் சூடு. அந்த ஊரில் அந்த மாதத்தில் யார் கையும் அவ்வளவு சூடாக இருக்காது. தண்ணீர் தோள்பட்டைக்கு மேல் பறந்து, கொஞ்சம் சட்டையில், கொஞ்சம் கன்னத்தில். நான் பின்னால் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடி விழுந்ததும் என் வாயிலிருந்து தானாக வந்த வார்த்தை, “இல்லக்கா, சும்மாதான் பாத்தேன்”. இருபத்தைந்து வயதை எட்டப்போகிற ஆள், சீமையில், காலியான கூடத்தில், இப்படிச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. கதவு சாத்தியது சாத்தியபடி இருக்கிறது, ஈரத் தரையில் என் பூட்ஸ் தடத்தைத் தவிர வேறு தடமில்லை.

அப்போதுதான் மிஸ்டர் ஹெப்டன் உள்ளே வந்தார். அவர் அந்தக் கூடத்துக்குப் பொறுப்பாளர், அதிகம் பேசாத கிழவர், முதல் நாளிலிருந்து அவர் என்னோடு பேசினது பத்து வார்த்தை இருக்காது. என் சட்டையில் மஞ்சள் கறையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போனது. என்னை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் தள்ளி, முகத்தையும் கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வாயில் போயிற்றா, வாயில் போயிற்றா என்று பத்துத் தடவை கேட்டார். இல்லை என்று நான் சொன்னதை நம்பாமல் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைக் காட்டிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம் என் பட்டைத் தண்ணீரையும் தோலையும் அவர் ஐந்தாம் தொட்டிக்கு மாற்றிவிட்டு, நாலாம் தொட்டியில் வேறு வகுப்புக்காகக் குரோம் தண்ணீர் கலந்து வைத்திருக்கிறார். குரோம் என்பது பட்டை இல்லாமல் உப்பையும் திராவகத்தையும் வைத்துத் தோல் பதனிடுகிற புது முறை, எங்கள் ஷாப்பில் அப்போது யாரும் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த உப்பு கடும் விஷம். ஒரு கை நிறைய வாயில் ஊற்றிக் கொப்பளிக்கிறவன் கொஞ்சமாவது விழுங்காமல் இருக்கமாட்டான், விழுங்கினால் குடல் வெந்துவிடும், பிழைக்கிறது கஷ்டம் என்றார். நான் மறுபடியும் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன்.

எதற்காக அள்ளினாய் என்று கேட்டார். இனி மறைத்து என்ன? மிதவையை உடைத்தது, சொல்லப் பயந்தது, நான்கு நாளாக நாக்கால் அளந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்பா ஓக் மரப்பட்டைத் தண்ணீரை அப்படித்தான் பார்ப்பாராம், அவர் தாத்தாவும் அப்படித்தானாம், சின்ன வயதில் அவருக்கும் அந்தப் பழக்கம் இருந்ததாம். உங்கள் ஊரிலும் அப்படித்தானா என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என்னை ஐந்தாம் தொட்டிக்கு அழைத்துப்போய், இப்போது சொல் பார்க்கலாம் என்றார். நாக்கில் வைத்துச் சொன்னேன். தன் மிதவையை விட்டுப் பார்த்தார். ஒரே ஒரு கோடு வித்தியாசம்.

பதினொரு மணிக்குப் புரொபசரிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார், நான் உடைத்ததையும் சொன்னார், இந்தப் பையன் நாக்கை நான் நம்புவேன் என்றும் சொன்னார். புரொபசர் என்னை வைத்துக்கொள்வதாக எழுதினார். என் சட்டைப் பையில் இருந்த கடிதம் கறை பட்டு எழுத்தெல்லாம் ஊறிப்போயிருந்தது, அதை மிசஸ் ஹாலமின் அடுப்பில் போட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஹெப்டன் தன் வீட்டுக்கு அழைத்தார், அவர் மனைவி எனக்காக எங்கேயோ தேடி இஞ்சி வாங்கிவந்து கோழிக்குழம்பு மாதிரி ஒன்று செய்திருந்தாள், குழம்பு குழம்பாக இல்லை, ஆனால் அந்த அன்பில் நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அப்புறம் எனக்கு அந்த ஊர் வேற்று ஊராகத் தெரியவில்லை. இரண்டு வருஷம் இருந்து நல்லபடியாகப் படித்து முடித்தேன். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் ஜெபிக்கிறபோது மிசஸ் ஹாலம், ஹெப்டன், புரொபசர் மூன்று பேரும் வருவார்கள்.

அந்தத் தட்டைப் பற்றி? அதற்கும் ஒரு சமாதானம் செய்துகொண்டேன். சின்ன வயதுப் பழக்கம் மூளையில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கும், அள்ளினதும் உடம்பே பயந்து கையை உதறியிருக்கும், சூடு, முட்டி எல்லாம் சளி பிடித்த மண்டை கற்பித்துக்கொண்டது. படித்தவன் வேறு எப்படி நினைப்பான்? அக்காவுக்கு அதைப்பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, எழுதினால் அவள் கவலைப்படுவாள் என்று விட்டுவிட்டேன். இதுவரைக்கும்தான் எனக்குச் சமாதானம் இருந்தது என்று முதலிலேயே சொன்னேன்.

ஊர் திரும்பினேன். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் அக்கா நின்றிருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள், மற்றபடி அப்படியேதான். பெட்டியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அவள் வலது புறங்கையில், விரல் முட்டிகளுக்கு மேல், மூன்று குழிகள். வட்டமாக, ஓரம் தடித்து, ஆணியால் குத்தி எடுத்ததுபோல.

பெட்டியைக் கொடுக்காமல் அந்தக் கையையே பார்த்தேன். ஏனென்றால் அந்தக் குழிகளை எனக்குத் தெரியும். இரண்டாம் வருஷம் குரோம் பதனிடுகிற தொழிற்சாலைகளுக்கு எங்களை அழைத்துப்போனார்கள், அங்கே வேலை செய்கிறவர்கள் கையிலெல்லாம் இதே குழிதான். குரோம் ஓட்டை என்றே அதற்குப் பெயர். சுண்ணாம்பு பட்டால் தோல் வெடிக்கும், பட்டைத் தண்ணீர் பட்டால் கறுக்கும், இந்தக் குழியை விழவைப்பது அந்த ஒரு உப்புதான். அதை ராணிப்பேட்டையில் பட்டை இடிக்கிற ஒருத்தி எங்கே போய்த் தொட்டாள்?

வீட்டுக்கு வந்து, அவள் சோறு போட்டு எதிரில் உட்கார்ந்ததும் மெல்லக் கேட்டேன், கையில் என்ன என்று. அவள் சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தாள், அதை அவள் மறந்தே போயிருந்தாள்போல. நீ சீமைக்குப் போன வருஷம், கோயிலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டின வாரம், கொட்டகையில் சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டை இடித்துக்கொண்டிருந்தேன், எதிரில் ஏதோ இருக்கிறமாதிரி கை தன்னால் மேலே போயிற்று, பார்த்தால் புறங்கையெல்லாம் மஞ்சளாக ஈரம், சுருக்கென்று எரிந்தது, பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்தவள் கைவலிப்பு வந்துவிட்டதா என்று கேட்டாள் என்று சொன்னாள். அந்த ஊரில் காலை பத்தரை என்றால் இங்கே சாயங்காலம் நாலு, இதை நான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை.

அப்போதுதான் நடந்ததை முழுசாக அவளிடம் சொன்னேன். தொட்டியை, அள்ளினதை, தட்டை, எல்லாவற்றையும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லையென்றால் நான் அன்றைக்கே போயிருப்பேன் அக்கா என்று அழுதேன். அவள் அதிசயப்படவில்லை. சரி, சாப்பிடு, சோறு ஆறுது என்றாள்.

எனக்குள் இருக்கிற கெமிஸ்ட் அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. ஒரு விஷயம் உதைத்தது. குரோம் தண்ணீர் ஒரு தடவை தெறித்தால் தோல் எரியும், சிவக்கும், ஒரு வாரத்தில் ஆறிவிடும். குழி விழாது. போய்ப் போய், மறுபடி மறுபடி அந்தத் தண்ணீரில் நனைகிற கைக்குத்தான் குழி விழும், தொழிற்சாலை டாக்டர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடமே அதுதான். அதனால் கேட்டேன், ஈரமானது அந்த ஒரு நாள்தானே அக்கா என்று.

“ஒரு நாளா? நீ அங்க இருந்த வரைக்கும் அப்பப்போ ஆயிக்கினேதான் இருந்துச்சி. நான் தொடச்சிக்கினு வேலையப் பாப்பேன். நீ கப்பல் ஏறிட்டேன்னு கடுதாசி போட்ட பாரு, அப்பறம் நின்னு போச்சி.”

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அன்றிலிருந்து அந்த இரண்டு வருஷத்தையும் நாள் நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். எந்தக் கூடத்தில், எந்தத் தொட்டி ஓரத்தில், நான் எதைத் தொடப்போய் எது என்னைத் தொடாமல் போயிற்று என்று. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு நாள் மட்டும்தான்.